ஆணி அடிக்காத நாற்காலி

மனோகரனுக்கு ஆணி என்றால் ஆகாது. ஆவடி ஃபேக்டரியில் டூல் ரூம் ஃபிட்டர் அவர். ராணுவ வண்டிகளின் உதிரிபாகங்களில் துளை போடுவதற்கான இரும்பு அச்சுகளை மயிரிழை பிசகாமல் செய்து கொடுப்பது வேலை. அதில் கெட்டிக்காரர்தான், அதைச் சொல்லியாக வேண்டும். நாம் சொல்லாவிட்டால் அவரே சொல்லிவிடுவார்.

"கார்பென்டருங்க நூல் கணக்குல பேசுவாங்க. நான் மைக்ரான்ல பேசுறவன்" என்பார், கேட்காதவர்களிடமும். குவார்ட்டர்ஸில் யார் வீட்டுக்குப் போனாலும் கட்டிலுக்கு அடியில் ஒருமுறை குனிந்து பார்த்து, "ஆணி அடிச்சிருக்கான் பாருங்க" என்று உச்சுக் கொட்டுவார். கூப்பிட்டுக் காபி கொடுத்தவர்களுக்கு இது தேவையா என்று யோசிக்கிற ஆள் இல்லை. அவர் மனைவி ஷோபனா அந்த நேரம் ஜன்னலுக்கு வெளியே எதையாவது பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒரே மகள் தேவிப்பிரியாவை மாங்காட்டில் கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை லோகேஷின் குடும்பம் அந்த ஊரிலேயே காலம் காலமாகப் பயிர் வைத்த குடும்பம். நிலம் பெரும்பாலும் மனைகளாகிவிட்டது. லோகேஷின் அம்மா கெங்கம்மாள் கோயில் பக்கம் பூக்கடை வைத்திருந்தார். நல்ல பருமன், அதற்குத் தோதான குரல். அந்தம்மா சிரித்தால் பக்கத்துக் கடைக்காரர்களும் விஷயம் தெரியாமலே சிரிப்பார்கள். மருமகளை ஒரு சொல் கடிந்ததில்லை. "எம் பொண்ணுக்கு மாமியார் அமையல, இன்னொரு அம்மா அமைஞ்சிருக்கு" என்று ஷோபனாவே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தேவிப்பிரியாவுக்கு வளைகாப்பு நாள் குறித்ததும் மனோகரன் அறிவித்துவிட்டார். "எம் பொண்ணு உட்கார நாற்காலி நானே செய்யறேன். சுத்தத் தேக்கு. ஒரு ஆணி கிடையாது, ஒரு ஸ்க்ரூ கிடையாது."

ஆணி இல்லாமல் எப்படி என்று கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் விளக்கினார். சேர வேண்டிய இரண்டு கட்டைகளிலும் நேருக்கு நேர் துளை போட வேண்டும். உருட்டிய மரக்குச்சி ஒன்றைப் பசை தடவி ஒரு துளையில் பாதி இறக்கி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மீதியில் அடுத்த கட்டையைச் செருகி இறுக்க வேண்டும். குச்சி உள்ளே மறைந்துவிடும். துளைகள் துளி விலகினாலும் சட்டம் ஒரு பக்கம் தூக்கி நிற்கும். அங்கேதான் சாதாரண ஆட்கள் தோற்பார்கள், தான் தோற்கமாட்டேன் என்பது அவர் கட்சி.

அந்த மட்டில் அவர் தோற்கவும் இல்லை. ட்ரில் பிட் ஆடாமல் இறங்க இரும்பில் ஒரு வழிகாட்டி செய்துகொண்டார். ஒவ்வொரு கட்டையிலும் எது முன்முகம் என்று பென்சிலால் குறித்து, எல்லா அளவையும் அந்த முகத்திலிருந்தே எடுத்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வைத்திருக்கும் நண்பர் யூசுப்பிடம் போய்க் குச்சிகளைக் கடைந்து, உப்புத்தாள் போட்டு வழுவழுவென்று தேய்த்துக்கொண்டு வந்தார். துளைக்கும் குச்சிக்கும் நடுவே காற்றுகூடப் போகாத இறுக்கம். ஃபேக்டரியில் இரும்புப் பாகங்கள் இடம் மாறாமலிருக்க டவல் பின் என்ற இரும்பு முளை அடிக்கும்போது வைப்பாரே, அதே இறுக்கம்.

மற்றக் குச்சிகளெல்லாம் இறங்கிவிட்டன. கடைசி இணைப்பு, பின்னங்கால் ஒன்றில் பக்கச் சட்டம் சேரும் இடம். துளையில் பசையைத் தாராளமாக ஊற்றி, குச்சியை வைத்துக் கொட்டாப்புளியால் தட்டினார். பாதியில் நின்றது. ஓங்கி ஒன்று போட்டார். குச்சி இறங்கியது, கூடவே டிக் என்று ஒரு சத்தம். காலின் ரேகையோடு ரேகையாக மேலிருந்து கீழே ஒரு கீறல் ஓடியது. தலைமுடி அளவுகூட இல்லை, ஆனால் வெர்னியர் அளவுகோலில் பழகிய கண்ணுக்கு அது தப்புமா?

அப்போதே அந்தக் காலைக் கழற்றி வேறு கால் போட்டிருக்க வேண்டும். மரவாடிக்குப் போக வேண்டும், மறுபடி இழைக்க வேண்டும், வளைகாப்பு நெருங்கிவிட்டது. இதெல்லாம் அவர் தனக்குச் சொல்லிக்கொண்ட காரணங்கள். உண்மைக் காரணம் வேறு. துளைகள் கோடு பிடித்தாற்போல் நிற்பதைப் படம் எடுத்து, குடும்ப வாட்ஸப் குழுவில் முந்தின நாளே போட்டிருந்தார். அதற்கு மாங்காட்டிலிருந்து கைதட்டல் படங்கள் வரிசையாக வந்திருந்தன. மரத்தூளையும் பசையையும் குழைத்துக் கீறலில் அப்பினார், தேய்த்தார், வார்னிஷ் அடித்தார்.

"என்னங்க அது கோடு?" என்றாள் துணி எடுக்க வந்த ஷோபனா.

"மரத்துக்கு ரேகை இருக்காதா? தேக்குக்கே அதுதான் அழகு."

வளைகாப்பன்று மாங்காட்டு வீட்டு மாடிக் கூடத்தில் நாற்காலிக்குத்தான் முதல் மரியாதை. வந்தவர்கள் தடவிப் பார்த்தார்கள். இணைப்பு எங்கே என்று நகத்தை வைத்து உரசியும் தெரியவில்லை. தேவிப்பிரியா அதில் உட்கார்ந்தாள். பெண்கள் வரிசையாக வந்து சந்தனம் பூசி வளையல் அடுக்கினார்கள். மனோகரன் மட்டும் மகள் முகத்தைப் பார்க்கவில்லை, அந்தப் பின்னங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஒவ்வொரு முறை சாயும்போதும் இவர் அரையடி முன்னால் நகர்ந்தார். எழுந்திரும்மா, வேறு நாற்காலி போடலாம் என்று சொல்ல வாயெடுத்தார். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். வாயை மூடிக்கொண்டார்.

ஒருவழியாகச் சடங்கு முடிந்து அவள் எழுந்தாள். மனோகரனுக்கு மூச்சு வந்தது.

அந்த வீட்டில் ஒரு வழக்கம். வளையல் போட்டவள் எழுந்ததும் அந்த ஆசனத்தை வெறுமையாக விடமாட்டார்கள். இன்னொரு சுமங்கலியை உட்கார வைத்து, அவளுக்கும் ஒரு ஜோடி வளையல் போடுவார்கள். யார் யார் என்று பார்த்துவிட்டுப் பெண்கள் கெங்கம்மாளைப் பிடித்துத் தள்ளினார்கள்.

"எனக்கின்னாத்துக்குடி? பேரன் வர்ற நேரத்துல நான் புள்ள பெத்துக்கினு ஒக்காரவா?" என்று கெங்கம்மாள் உரக்கச் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். அந்தச் சிரிப்பு முடியவில்லை. படக் என்று பின்னங்கால் இரண்டாகப் பிளந்தது. அந்தம்மா பக்கவாட்டில் சரிந்து விழுந்தார். வளையல் தட்டு கவிழ்ந்தது, புடவை முழங்கால் வரை ஏறிவிட்டது.

எலும்பு கிலும்பு முறியவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பு கிளம்பியது. தூக்கிவிட்டவர்களும் சிரித்தார்கள், தேவிப்பிரியாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கெங்கம்மாளும் முதலில் சேர்ந்துதான் சிரித்தார். லோகேஷின் சித்தப்பா மகன் கோகுல்நாத் செல்போனில் எல்லாவற்றையும் பிடித்திருந்தான்.

"இன்னா சம்மந்தி, ஆவடிலேந்து வந்த நாற்காலி எங்க அண்ணியத் தாங்கலியே?" என்று யாரோ ஒருவர் வம்புக்கு இழுத்தார்.

எல்லோரும் மனோகரனைப் பார்த்தார்கள். அப்போது அவர் சொன்னதை அப்படியே சொல்ல நமக்கே கூசுகிறது. "நாற்காலின்னா அதுக்கும் ஒரு லோடு கணக்கு இருக்குல்லங்க" என்றார்.

கூடமே சிரிப்பில் அதிர்ந்தது. கெங்கம்மாளின் சிரிப்பு மட்டும் அந்த இடத்தில் நின்றுபோயிற்று. புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஆமா, தப்பு எம் மேலதான். எவ்ளோ அழகா செஞ்சிக்கினு வந்தாரு மன்ஷன்" என்றார். பிறகு மருமகளின் கன்னத்தைத் தொட்டு, "நல்ல வேள, நீ எழுந்தப்புறம் ஆச்சி" என்றார்.

வீடியோ அன்று மாலையே குழுவில் வந்தது. கண்ணீர் வரச் சிரிக்கும் முகங்கள் வரிசையாக விழுந்தன. கெங்கம்மாள் இரண்டு கையையும் கூப்பும் படம் ஒன்றைப் போட்டார். அதன்பின் அந்தக் குழுவில் அவரைக் காணவில்லை.

உடைந்த நாற்காலியை மனோகரன் ஆவடிக்கே திருப்பிக் கொண்டுவந்திருந்தார். பிளந்த காலைக் கையில் எடுத்துப் பார்த்தபோது சொல்லித்தர யாரும் வேண்டியிருக்கவில்லை. ஊற்றிய பசை முழுவதும் துளையின் அடியில் கட்டியாக உறைந்து கிடந்தது. குச்சியின் பக்கங்கள் வறண்டு, கடைந்தபோது இருந்த அதே பளபளப்போடு இருந்தன. ஓங்கி அடித்தபோது உள்ளே மாட்டிக்கொண்ட பசையும் காற்றும் வெளியேற வழியில்லாமல் மரத்தைப் பிளந்திருக்கின்றன.

இரும்பில் டவல் பின்னுக்கு வேலை இடம் காட்டுவதுதான், இறுக்கிப் பிடிப்பது போல்ட். மரத்தில் பிடிக்க வேண்டியதும் அந்தக் குச்சிதான், அது பிடிப்பது பசையால். பசை நிற்கக் கொஞ்சம் இடம் வேண்டும், மிஞ்சியது மேலே வரக் குச்சியில் ஒரு கோடாவது கீறியிருக்க வேண்டும். அடி மூடிய துளையில் பின் அடித்தால் காற்றுக்கு வழி விட வேண்டும் என்று ஃபேக்டரியில் புதிதாக வருகிறவர்களைத் திட்டித் திட்டிச் சொன்னவர் இவர். மரம்தானே என்ற அலட்சியத்தில் தன் பாடத்தையே மறந்திருக்கிறார். அவருக்கு முகம் எரிந்தது. பிளந்த காலைச் சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

பிரசவத்துக்காகத் தேவிப்பிரியா ஆவடிக்கு வந்துவிட்டாள். கெங்கம்மாள் வாரம் தவறாமல் பார்க்க வந்தார். பூவும் முருங்கைக் கீரையும் ஒரு பையில் இருக்கும். ஆனால் வந்தால் உட்காரமாட்டார்.

"உக்காருங்க சம்பந்தி" என்று ஷோபனா நாற்காலியை இழுத்துப் போடுவாள்.

"இல்ல, நான் நின்னுக்கினே கீறேன். பஸ்ல ஒக்காந்துகினுதான வந்தேன்" என்பார். அதுவும் பொய் என்று பிறகு தெரிந்தது. பஸ்ஸில் யாராவது எழுந்து இடம் கொடுத்தாலும் உட்காருவதில்லையாம். கால் வலி தாங்கமுடியாதபோது தரையில் உட்காருவார். எழுந்திருக்கும்போது ஒரு கை சுவரிலும் ஒரு கை முழங்காலிலுமாக அவர் படுகிற பாட்டை மனோகரன் பார்க்கமுடியாமல் பின்கட்டுக்குப் போய்விடுவார். அங்கே அவருக்கு ஒரு வேலையும் இருக்காது.

ஒருநாள் மாங்காட்டிலிருந்து லோகேஷ் போன் செய்தான். கெங்கம்மாள் கடையில் மயங்கி விழுந்துவிட்டார். சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டை விட்டிருக்கிறார். உடம்பைக் குறைக்க வேண்டுமாம். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"அந்த வீடியோ பார்த்ததுலேந்து அத்தை இப்படித்தான்மா பண்றாங்க. நாம எல்லாரும் சிரிச்சிருக்கக் கூடாது" என்றாள் தேவிப்பிரியா.

மனோகரன் அன்றிரவு சாப்பிடவில்லை. போய்ச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தார். விடிந்ததும் தீர்மானம் வேறு உருவம் எடுத்துவிட்டது. வெறும் வாயால் எப்படிச் சொல்வது? இன்னொரு நாற்காலி செய்து எடுத்துப் போனால் சொல்லாமலே சரியாகிவிடாதா? பயந்தவன் மூளைக்கு யோசனைக்கா பஞ்சம்.

இந்தத் தடவை ஒழுங்காகச் செய்தார். கால்களைத் தடியாக எடுத்தார். குச்சிகளில் நீளவாக்கில் கோடு கீறினார், நுனியைச் சற்றுச் சரித்தார், கையால் அழுத்தினால் இறங்குகிற அளவுக்கு விட்டார், துளையைக் குச்சியைவிடச் சற்று ஆழமாகப் போட்டார். பசையைத் துளையின் சுவரில் ஈர்க்குச்சி விட்டுத் தடவினார். கிளாம்ப் போட்டு மறுநாள் வரை தொடவில்லை. பிறகு அவரும் பக்கத்து வீட்டு இருதயராஜும் ஒன்றாக ஏறி உட்கார்ந்து ஆட்டிப் பார்த்தார்கள். முனகல்கூட இல்லை. அதை ஆட்டோவில் கட்டிக்கொண்டு பூந்தமல்லி வழியாக மாங்காடு போய்ச் சேர்ந்தார்.

கெங்கம்மாள் வீட்டில் தனியாக இருந்தார். முகம் இளைத்துக் கறுத்திருந்தது. மேடையில் பூவைப் பரப்பி, நின்றபடியே தொடுத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க சம்மந்தி. இன்னா இது?"

"உங்களுக்காகத்தான் செஞ்சேன் சம்பந்தியம்மா. காலெல்லாம் டபுள் சைஸ். பயப்படாம உக்காருங்க. இனிமே யானையே உக்காந்தாலும்..."

அந்த வார்த்தை வாயிலிருந்து வந்த பிறகுதான் அவர் காதில் விழுந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார், கடித்து என்ன செய்ய?

கெங்கம்மாள் கையிலிருந்த நாரை மேடையில் வைத்தார். "ஆனைக்கு செஞ்சத எனக்கு எடுத்துக்கினு வந்தீங்களா?" என்றார். குரலில் கோபமே இல்லை. "அன்னிக்கி லோடு கணக்கு சொன்னீங்க. இன்னிக்கி ஆனை. போதும் சம்மந்தி. நான் கண்ணாடி பாக்கறதையே உட்டுட்டேன். கோயில்ல எவளாவது சிரிச்சா என்னப் பாத்துதான் சிரிக்கிறாளோன்னு கீது. எங்க ஊட்டுக்காரரே ஒருநாளும் என்ன இப்புடி சொன்னதில்ல."

கண்ணில் நீர் கட்டியிருந்தது. ஊரையே சிரிக்க வைத்த அம்மாள். மனோகரன் தான் செய்த நாற்காலியின் முதுகையே பிடித்துக்கொண்டார்.

"அது உங்க உடம்பால உடையல" என்றார். "செய்யும்போதே கால்ல கீறல் விட்டுச்சு. என் தப்பு. நான்தான் இரும்புக்கு அடிக்கிற மாதிரி அடிச்சேன். அதை மறைச்சு பாலிஷ் போட்டுட்டேன். யார் உக்காந்திருந்தாலும் உடைஞ்சிருக்கும்."

கெங்கம்மாள் அவரையே பார்த்தார். முதலில் அந்த முகத்தில் ஏதோ இளகியது. சட்டென்று அது மாறியது.

"கீறல் உட்டது ஒங்களுக்கு எப்போ தெரியும்?"

"அப்பவே தெரியும்."

"எம் மருமவ அதுல ஒக்காந்துகினு இருந்தப்போ?"

"தெரியும்."

"யோவ்!" என்றார் கெங்கம்மாள். இத்தனை நாளில் அவரை மரியாதை இல்லாமல் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "வாயும் வயிறுமா கீற பொண்ணுய்யா. நீ பெத்த பொண்ணு. எனக்காவது சதை கீது, வுழுந்தேன், எழுந்தேன். அவ வுழுந்திருந்தா?"

மனோகரன் தலை குனிந்துகொண்டார். சிறிய வயதில் அடி வாங்கியபோதுகூட இப்படிக் கூனிக் குறுகியதில்லை.

கெங்கம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நாரை மறுபடி கையில் எடுத்தபடி, "தேவிகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார். மரியாதை திரும்பியிருந்தது.

"இன்னும் இல்ல."

"சொல்லாதீங்க. பிரசவ நேரம். அப்பனே தெரிஞ்சி ஒக்கார வச்சான்னு அதுக்கு மனசு ஒடையக் கூடாது. நான் ஒடச்சதாவே இருந்துட்டுப் போவட்டும்." பிறகு நாற்காலியைக் காட்டினார். "இத்த எடுத்துக்கினு போங்க. என்னால இதுல ஒக்கார முடியாது."

ஆட்டோ ஆவடிக்குத் திரும்பும்போது மனோகரனுக்கு முதலில் வந்தது நிம்மதி. சொல்லியும் ஆயிற்று, மகளுக்கும் தெரியப்போவதில்லை. அந்த நிம்மதி கரையான்சாவடி வரைதான் தாங்கியது. அந்தம்மா இன்னும் நின்றுகொண்டே பூ கட்டப் போகிறார், ஊர் இன்னும் சிரிக்கப் போகிறது, இவர் நல்ல அப்பாவாக வீட்டுக்குள் நுழையப் போகிறார். அடிபட்டவளிடமே அடைக்கலம் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறோம் என்று புரிந்தபோது அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஆட்டோவிலிருந்து நாற்காலி திரும்பி இறங்குவதைத் தேவிப்பிரியா வாசலில் நின்று பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னப்பா, இதுவும் அத்தையைத் தாங்கலையா?" என்றாள்.

ஷோபனாவும் உள்ளிருந்து சிரித்தாள்.

மனோகரன் நாற்காலியை இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தார். கட்டிலுக்கு அடியிலிருந்து சாக்கை இழுத்தார். பிளந்த காலை மகள் முன்னால் வைத்து, கீறலில் அப்பிய மரத்தூளை விரலால் காட்டினார். எல்லாவற்றையும் சொன்னார், நீ உட்கார்ந்திருந்தபோதும் எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னார். சொல்லி முடிக்கும்போது தேவிப்பிரியாவின் இரண்டு கையும் வயிற்றின் மேல் இருந்தன. அவள் அவரைப் பார்க்கவில்லை.

"அம்மா, அத்தைக்குப் போன் போடு" என்றாள்.

ஷோபனா போனை ஸ்பீக்கரில் போட்டு மகள் பக்கத்தில் வைத்தாள். மாங்காட்டிலிருந்து கெங்கம்மாளின் குரல் பழைய உற்சாகத்தோடு வந்தது.

"இன்னாம்மா, ஒங்கப்பா பத்திரமா வந்துட்டாரா? ரொம்ப நல்லா செஞ்சிருந்தாரு பாவம். எனக்குத்தான் இந்த ஒடம்ப வச்சிக்கினு ஒக்கார பயம். அவர ஒண்ணும் சொல்லாத."

"அத்தே, பொய் சொல்லாதீங்க" என்றாள் தேவிப்பிரியா. "அப்பா எல்லாத்தையும் சொல்லிட்டாரு. நானும் சிரிச்சேன் அத்தே. என்னை மன்னிச்சிடுங்க."

போனில் அந்தப் பெரிய குரல் உடைந்து அழ ஆரம்பித்தது. ஷோபனா ஸ்பீக்கரை நிறுத்தப் போனாள்.

"இருக்கட்டும்மா" என்றாள் தேவிப்பிரியா. "அப்பாவும் கேக்கட்டும்."